நாலு மூலைக்கும் நாலு டிக்கெட்

மேலப்பாளையத்திலிருந்து ஜங்ஷன், இரண்டு.
ஜங்ஷனிலிருந்து பேட்டை, இரண்டு.
பொம்பளையாளுக்குக் காசில்லை என்றாலும்
கண்டக்டர் கிழித்துத்தான் கொடுப்பார்.
எல்லாரும் கசக்கி எறிவதை மைமூன் மட்டும்
மடிக்காமல் போன் கவருக்குள் வைத்தாள்.
“எதுக்குட்டி?”
“இருக்கட்டும் செசிலி.”

பையில் இருபத்திரண்டாயிரம்.
இருபத்தைந்தாயிரம் சீட்டை
மூவாயிரம் தள்ளி எடுத்தது.
மெஷினோடு முடிகிற செலவா இது?
பதினைந்து ஆம்பியர் பிளக்குக்குத் தனி லைன் இழுக்க
ஆயிரத்தெண்ணூறு சொல்லியிருக்கிறார் வயரிங்காரர்.
பனியன் முப்பது வேண்டும்,
கருகிப்போக நாலைந்து சேர்த்து.

தவசிக்கனி அண்ணாச்சி முதலில் காட்டியது
அஞ்சு வேலைக்கு ஒரே மெஷின்:
பனியன், தொப்பி, கப், தட்டு,
பேனா வரைக்கும் அடிக்கும்.
“பத்தொம்பதாயிரம். இந்த ரேட்டுக்கு
வேற எவனும் தரமாட்டான், பாத்துக்கிடுங்க.”
ஒரு நிமிஷம் எனக்குள் ஒரு கடை திறந்தது,
கண்ணாடிக் கதவு, சுவர் நிறையக் கப்.
மைமூன் கேட்டாள்:
“தொப்பி கேட்டு நம்மகிட்ட வந்தது எத்தன பேரு?”
ஒருத்தர்.
அவரும் விலை கேட்டதோடு சரி.

வந்ததெல்லாம் பனியன்தான்.
கொடைக்கு இருபது.
கபடிக் குழுவுக்கு முதுகில் பேரோடு பன்னிரண்டு.
மாப்பிள்ளைத் தோழர்களுக்கு ஆறு;
கல்யாணம் நின்றுபோய் அந்த ஆறும்
என் வீட்டில் தலையணை உறை.
லாபத்தில் பாதி
அச்சடித்துத் தந்த கடைக்கே போனது.

அடுத்தது, மேல்தட்டைப் பக்கவாட்டில் ஒதுக்குகிற மாடல்.
விரல் சுடாது. எனக்குப் பிடித்தது.
டேப்பை இழுத்துப் பார்த்தேன்,
கை சுற்றி வர இரண்டடி.
அந்த இரண்டடியில் என் தையல் மெஷின்,
அதற்குப் பின்னால் மாமியார் கட்டில்.
“அத்தையக் கட்டிலோட தள்ளிருவமா?” என்றாள் மைமூன்.
அண்ணாச்சியும் சிரித்தார்.
நான் டேப்பைச் சுருட்டினேன்.

மிச்சம், முதலை மாதிரி வாய் பிளக்கிறது.
பதினான்காயிரம்.
நூற்றறுபதுக்கு ஏற்றப் போனவரை நிறுத்தி
“எம்பது போதும்” என்றாள்.
டிக்கெட் நாலையும் எடுத்து
மூலைக்கொன்றாய் வைத்தாள்,
கைப்பிடியை அழுத்தினாள்,
இரண்டு எண்ணுமுன் திறந்தாள்.

பின்மூலை இரண்டும் கறுப்பு.
முன் வலதும் கறுப்பு.
முன் இடது வெறும் சாம்பல்;
‘பேட்டை’ என்று இன்னும் வாசிக்க முடிந்தது.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை.
உள்ளே போய் அதே மாடலில் இன்னொன்றைத்
தூக்கிக்கொண்டு வந்தார்.
டிக்கெட் தீர்ந்துவிட்டதே என்று நாங்கள் பார்க்க
தன் பில் ரோலிலிருந்தே நாலு துண்டு கிழித்துத் தந்தார்.
நாலும் கறுத்தது.
“இத எங்க படிச்சிய?”
“பில்லு மேல கொழம்புச் சட்டிய எறக்கி வச்சேன்.
கறுத்திச்சு.”
விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
டெஃப்லான் தாள் இரண்டு சும்மா கொடுத்தார்.

திரும்பும்போதும் எங்களுக்கு இலவசம்,
பெட்டிக்கு இருபது ரூபாய்.
“உள்ள என்ன?” என்றார் கண்டக்டர்.
“இஸ்திரிப் பெட்டி.”
கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் நின்றது.
ஆறு எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை,
நாலு காலாலும் பெட்டிக்கு முட்டுக்கொடுத்திருந்தோம்.

இரவு வோல்டேஜ் இறங்கி
சூடேறவே அரைமணி.
அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து
“என்னத்தட்டி வேக வைக்கிய?” என்றாள்.
பீப் அடித்ததும் தாளை உரித்தேன்.
மாயாணடி.
மெய்க்குரிய புள்ளி தாளோடு வந்துவிட்டது.
அவசரப்பட்டு உரித்தது நான்தான்.

மைமூன் குனிந்து
அந்தப் புள்ளியை நகநுனியில் எடுத்து
எழுத்தின் தலையில் வைத்தாள்,
மூச்சுக்கூட விடாமல்.
“மூடு.
இந்தத் தடவ நான் எண்ணுதேன்.”